அப்பா போட்ட சடை

சமயநல்லூர்,
ஆடி முதல் ஞாயிறு.

அன்புள்ள சரண்யா,

இங்கே நானும் கயலும் நல்லபடியாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, காலையில்தான் போனில் கேட்டேன். ஆனாலும் கடிதம் என்றால் அதைக் கேட்காமல் தொடங்க வரவில்லை. துபாய் வெயில் கொஞ்சமாவது தணிந்ததா? முட்டிவலிக்கு அந்தத் தைலம் கேட்கிறதா?

“ஊருக்கெல்லாம் பக்கம் பக்கமா எழுதுறீங்க. எனக்கு ஒரு கடுதாசி எழுதுனது உண்டா?” என்று போன வாரம் கேட்டாய். சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். போனை வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து மளிகைச் சீட்டு தவிர உன் கையில் நான் எழுதிக் கொடுத்தது எதுவும் இல்லை. உன் வார்டில் உன்னோடு நர்ஸாக இருக்கும் திண்டுக்கல் பெண் லீவு முடிந்து வியாழக்கிழமை கிளம்புகிறாளாம். பருப்புப்பொடி, சுண்டவத்தல், கயலின் போட்டோ இரண்டு, இவற்றோடு இதையும் அவளிடம் கொடுத்து விடுகிறேன்.

அந்தப் பெண்தானே உன்னிடம் போனை நீட்டி, “அக்கா, மதுரைப் பக்கம் ஒரு மனுசன் என்னமா எழுதுறாரு பாருங்க” என்று காட்டியது? நான் பிளாக் என்று ஏதோ எழுதுவது உனக்குத் தெரியும். டியூட்டியும் தூக்கமுமாக இருக்கிறவளுக்கு அதைப் படிக்க எங்கே நேரம்? நம் அடுப்படி ஜன்னலையும் கயலின் நீல ரிப்பனையும் அவள் போனில் பார்த்துவிட்டு, “இது எங்க வீடுடி” என்று நீ சொன்னதை அவள் நம்பவே இல்லையாமே. இது எப்படி இம்புட்டுப் பெரிசாச்சு, முதலிலிருந்து சொல்லுங்க என்றாய். போனில் சொல்ல வரவில்லை. எழுதுகிறேன்.

நீ கிளம்பிப் போன அடுத்த வாரம் பள்ளிக்கூடம் திறந்தது. கயல் அப்போது ஐந்தாம் வகுப்பு. இரட்டைச் சடை போட்டு, மடித்து, நீல ரிப்பன் கட்ட வேண்டும். காளவாசல் கடையில் நாளெல்லாம் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் டைப் அடிக்கிற விரல்கள் இவை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கம் அடித்துவிடுவேன். மூன்று கொத்து முடியைப் பிடிக்கத் தெரியவில்லை. ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவுகிறது. எப்படியோ முடிந்து அனுப்பினேன். சாயங்காலம் வந்தவள் தலையைப் பார்த்தால் சடை அம்சமாக இருக்கிறது. “டீச்சர் இன்டர்வெல்ல அவுத்துட்டுப் புதுசாப் போட்டு விட்டாங்கப்பா” என்றாள். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னாள். அதுதான் சுருக்கென்றது.

வீடியோக்களைப் பார்த்தேன். எல்லாம் பெண்கள். “இப்படி, இப்படி, அவ்வளவுதான்” என்று கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிடுகிறார்கள். தடித்த விரல்காரன் எங்கே தவறுகிறான் என்று ஒருவரும் சொல்லவில்லை. துணி காயப்போடுகிற நைலான் கயிற்றை மூன்றாக நறுக்கி ஜன்னல் கம்பியில் கட்டிப் பழகினேன். நீங்களெல்லாம் கடைசியில்தானே ரப்பர் பேண்ட் போடுவீர்கள்? என் கைக்கு அது ஆகாது. முதலில் மேலே ஒரு ரப்பர் பேண்ட் போட்டு முடியை நிறுத்திக்கொண்டு பின்னினால் நழுவாது. முடியைக் கொஞ்சம் ஈரமாக்கிக்கொள்ள வேண்டும். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு ஏதோ மலையைப் புரட்டிய மாதிரி இருந்தது.

அன்று சடை பிரியாமல் வீட்டுக்கு வந்தது. டீச்சர், “யாரு போட்டது, அத்தையா?” என்று கேட்டாராம். இவள், “அப்பா போட்ட சடை” என்றாளாம். இதை அப்படியே கடையில் டைப் அடித்து வைத்தேன். கடைக்கார கருத்தக்கண்ணன் அண்ணே பின்னால் நின்று படித்துவிட்டு, “இத ஏன்டா கம்ப்யூட்டருக்குள்ள பூட்டி வைக்கிற? பிளாக்ல போடுறா, யாராச்சும் என்னைய மாதிரி திண்டாடுறவன் படிப்பான்” என்றார். பொண்டாட்டி பிரசவத்துக்குப் போயிருந்தபோது பெரிய மகளின் தலையோடு அவரும் மல்லுக்கட்டியவராம். பெயர் என்ன வைக்கலாம் என்று யோசிக்கவே இல்லை. ‘அப்பா போட்ட சடை’ என்றே வைத்துவிட்டோம்.

பல மாதம் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. கடையிலிருந்து நான் ஒரு தடவை, வீட்டிலிருந்து நான் ஒரு தடவை, அண்ணே ஒரு தடவை. அதுதான் வாசகர் கூட்டம். தப்பு என் பேரில்தான். ஆரம்பத்தில் ‘தந்தையெனும் தவம்’ என்றெல்லாம் தலைப்பு வைத்து எழுதினேன். கயல் ஒன்றைப் படித்துப் பார்த்துவிட்டு, “அப்பா, இது கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு” என்றாள். பிறகுதான் புரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவள் டிபன் பாக்ஸில் உப்புமா அப்படியே திரும்பி வந்ததையும், எதை வைத்தால் காலியாக வருகிறது என்பதையும் நடந்தபடியே எழுதினேன். யாரோ ஒரு அம்மா கோயம்புத்தூரிலிருந்து, “எங்கள் வீட்டிலும் இதே கதைதான்” என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரிக்கு நான் எத்தனை தடவை பதில் எழுதி அழித்தேன் என்று உனக்குத் தெரியாது.

அப்புறம் பேன் வந்தது. ஆமாம், கயலுக்குத்தான். வகுப்பு முழுக்க. வேப்பெண்ணெய், பேன்சீப்பு, தலையணை உறையை வெந்நீரில் போடுவது, பிள்ளையைத் திட்டாமல் இருப்பது, இதையெல்லாம் எழுதினேன். என் தலைக்கும் ஏறியதை ஒளிக்காமல் எழுதினேன். அது எந்தெந்தப் பள்ளிக்கூட வாட்ஸப் குரூப்பிலோ சுற்றி, ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்துவிட்டார்கள். உன் தம்பி அழகுபாண்டிக்கு அவமானமாகப் போய்விட்டது. “மச்சான், பஸ் ஸ்டாண்டுல என்னையப் பாத்து ‘பேன் பாக்குறவரோட மச்சினன்’ங்குறாய்ங்க. ஆம்பள செய்யுற வேலையா இது? அக்கா சம்பாதிக்குது, நீங்க சீப்பு புடிக்கிறீங்க” என்று வாசலிலேயே நின்று சத்தம் போட்டான். எனக்கும் கோபம் வந்தது. உள்ளே கூப்பிட்டு டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டே போனான்.

ஆனால் இது நிஜமாக வளர்ந்தது பேனால் இல்லை. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதினார். மனைவி தவறிவிட்டார். மகளுக்குப் பதினோரு வயது. அவளுக்கு உள்ளாடை எப்போதிலிருந்து வாங்க வேண்டும், அதை யாரிடம் கேட்பது என்று கேட்டிருந்தார். எனக்கும் தெரியாது. தெரியாது என்றே பதில் எழுதினேன். அவரிடம் சம்மதம் கேட்டு, பெயரை எடுத்துவிட்டு, கேள்வியை மட்டும் போட்டேன். சரண்யா, அன்று பெண்கள் எழுதினார்கள் பார், படிக்கப் படிக்கக் கண் நிறைந்துவிட்டது. பெண்களே நடத்துகிற கடைக்குப் போங்கள், மகளையும் கடைக்காரம்மாவையும் பேச விட்டுவிட்டு நீங்கள் கல்லாப் பக்கம் நில்லுங்கள், வீட்டுக்கு வந்ததும் அதைப் பற்றி எதுவும் கேட்காதீர்கள் என்று திருமங்கலத்து டீச்சர் ஒருவர் எழுதியிருந்தார். கேலி செய்து எழுதிய சிலரை உடனே நீக்கினேன். அதற்குப் பிறகு கேட்க ஆளில்லாத அப்பாக்கள் கேட்டுக்கொண்டே வருகிறார்கள். பதில் நான் சொல்வதில்லை. இடம் மட்டும் கொடுக்கிறேன்.

இதுதான் கதை. “கயல் சைக்கிள் ஓட்டப் பழகுனத ஆயிரம் பேர்ல ஒருத்தியா நானும் படிச்சேன்” என்று கடைசியில் சொன்னாய் அல்லவா? அதற்குப் பதில் இதோ. இனிமேல் எதுவும் உன் காதுக்கு வந்த பிறகுதான் ஊருக்குப் போகும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. பருப்புப்பொடியை எல்லாருக்கும் அள்ளிக் கொடுத்துவிடாதே, உனக்கும் கொஞ்சம் வை.

உன்
அருண்பாண்டி


சமயநல்லூர்,
பொங்கல் கழிந்த மறுவாரம்.

அன்புள்ள சரண்யா,

இதை ரிஜிஸ்தர் தபாலில் அனுப்புகிறேன். போனில் பேசினால் கயல் பக்கத்தில் இருக்கிறாள். பிளாகில் எழுதக்கூடாத சங்கதி. ஆக, இப்படித்தான் வழி.

ஐப்பசியில் கயலுக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று வீடியோவில் எல்லாம் பார்த்தாய். குலவைச் சத்தம் கேட்டு நீ வாயைப் பொத்திக்கொண்டு அழுததை நாங்களும் பார்த்தோம். நீ பார்க்காததைச் சொல்கிறேன்.

அவள் பெரியவளான அன்று மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் கூப்பிட்டார். வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். கயல் பையை மடியில் வைத்துக்கொண்டு ஆபீஸ் ரூமில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஏறிக்கொண்டாள். பரவை மார்க்கெட் தாண்டியதும் என் முதுகுக்குப் பின்னாலிருந்து, “அப்பா, இத பிளாக்ல போட்டுறாதீங்க” என்றாள்.

வயிறு வலிக்கிறது என்று சொல்லவில்லை. பயமாக இருக்கிறது என்று சொல்லவில்லை. அம்மா வேணும் என்றுகூடச் சொல்லவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, “போட மாட்டேன் தாயி” என்றேன். “சத்தியமா?” என்றாள். அவள் கையிலடித்துச் சத்தியம் செய்தேன். அதற்குப் பிறகுதான் அழுதாள். கரும்பு லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் அழுது முடிக்கும்வரை மறைத்துக்கொண்டு நின்றேன்.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தடுமாற்றம் இல்லை. உசிலம்பட்டிக்காரருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் அந்தப் பெண்கள் எழுதியதையெல்லாம் நானும்தானே படித்திருக்கிறேன்? மருந்துக் கடையில் நாப்கினைப் பேப்பரில் சுற்றிக் கறுப்புக் கவரில் போட வந்தார்கள். சும்மா கொடுங்கண்ணே, பிஸ்கட் கொடுக்குற மாதிரி கொடுங்க என்று வாங்கிக்கொண்டேன். வெந்நீர் வைத்தேன். நீ ஏற்கெனவே லீவில் வந்தபோது அவளுக்கு எல்லாம் சொல்லி வைத்திருந்தாய் போல. “எனக்குத் தெரியும்ப்பா, நீங்க வெளிய போங்க” என்றாள். வெளியே வந்து உனக்குப் போன் செய்தேன். அதற்குள் திருவாதவூரிலிருந்து எங்கம்மாவும் பஸ் ஏறிவிட்டது.

மறுநாள் அழகுபாண்டி வந்தான். தாய்மாமன் இல்லையா, கால் தரையில் பாவவில்லை. மண்டபம் பிடித்துவிடலாம், ரோட்டிலிருந்து மண்டபம்வரை பிளெக்ஸ் என்றான். பேன் என்று முகம் சுளித்தவன், பிளெக்ஸில் பிளாக் பேரைப் போட வேண்டும் என்று வந்து நின்றான். இதற்கிடையில் டவுனில் ஒரு ஜவுளிக்கடையிலிருந்து எப்படியோ தெரிந்துகொண்டு போன் செய்தார்கள். உனக்கும் கயலுக்கும் பட்டுச் சேலை, வீடியோ எடுக்க ஆள், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பாம். நான் பிளாகில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை எழுதினால் போதுமாம். “உங்க ரீடர்ஸ் எல்லாம் பாப்பாவ அஞ்சாங் கிளாஸ்ல இருந்து பாக்குறாங்க சார். அவங்க எதிர்பார்ப்பாங்கல்ல?” என்றார் அந்த மேனேஜர்.

அந்தக் கேள்வி என்னை ஆட்டிவிட்டது. இத்தனை நாள் மகளைப் பற்றி அன்பாகத்தான் எழுதினேன். அவளுடைய முகம் ஒரு படத்தில்கூட இல்லை, கையும் சடையும்தான் இருக்கும். ஆனாலும் முகம் தெரியாத ஒரு மனிதர், அவள் வயசுக்கு வந்ததைப் பார்க்கத் தனக்கு உரிமை இருக்கிறது என்கிற மாதிரி பேசுகிறார். வேண்டாங்க என்று சொல்லிவிட்டேன். அழகுபாண்டி துள்ளினான். “சும்மா வருது மச்சான். ஊரு மெச்ச செய்யலாம். ஏன் மச்சான் வீம்பு பண்ணுறீங்க?” என்று ஆரம்பித்துவிட்டான். பச்சை ஓலைத் தடுப்புக்கு உள்ளேயிருந்து கயல் குரல் வந்தது.

“மாமா, நீங்க வயசுக்கு வந்தப்ப யாராச்சும் பிளெக்ஸ் வச்சாங்களா?”

எங்கம்மா உளுந்தங்களி கிண்டிக்கொண்டிருந்தது, கரண்டியைக் கீழே போட்டுவிட்டது. உன் தம்பி என்னைப் பார்க்கிறான், கூரையைப் பார்க்கிறான். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தவன்தான். “அக்கா வாய அப்படியே வச்சுருக்கு” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வரும்போது நல்லெண்ணெய், முட்டை, மருமகளுக்கு அவனே தேடி எடுத்த ஊதாப்பூ நிறச் சேலை. நீ வீடியோவில் பார்த்து நல்ல கலர் என்றாயே, அதுதான். சொந்தத்தில் நெருங்கியவர்களை மட்டும் கூப்பிட்டு வீட்டு வாசலிலேயே முடித்துவிட்டோம். பந்தியில் நின்று பரிமாறியதும் அவன்தான்.

இரண்டு ஞாயிறு நான் எதுவும் எழுதவில்லை. மனசு முழுக்க ஒன்று இருக்கும்போது வேறு எதை எழுதுவது? ஆட்கள் விசாரிக்கத் தொடங்கினார்கள். மூன்றாவது ஞாயிறு, “மகள் வளர்ந்துவிட்டாள். இனி அவளைப் பற்றி எழுத அவளிடம் கேட்க வேண்டும்” என்று மட்டும் போட்டேன். இதோடு கூட்டம் கலைந்துவிடும் என்றுதான் நினைத்தேன். மனசைத் தேற்றிக்கொண்டும் விட்டேன்.

அதைப் படித்துவிட்டுக் கயல் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பிளாகில் பழையதிலிருந்து ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னாள். கணக்கில் பெயிலாகி அழுதது வேண்டாம். நீ இல்லாத முதல் தீபாவளிக்கு உன் சேலையைச் சுற்றிக்கொண்டு தூங்கியது வேண்டவே வேண்டாம். அதை நான் எழுதியிருக்கக்கூடாது என்று அப்போதுதான் பட்டது. எடுத்துவிட்டேன். பேன் சங்கதி வந்ததும் நானே அழிக்கப் போனேன். “அது இருக்கட்டும்ப்பா. எல்லாருக்கும் வந்ததுதான?” என்றாள். இப்போது நான் எழுதுவதெல்லாம் அவள் பார்வைக்குப் போய்த்தான் வெளியே போகிறது. ‘மிகவும்’ என்று எங்கேயாவது எழுதிவிட்டால் வெட்டிவிடுகிறாள்.

கூட்டம் கலையவில்லை, சரண்யா. அவளைப் பற்றி எழுதாத ஞாயிற்றுக்கிழமைகளில் மற்ற அப்பாக்களை எழுதச் சொன்னேன். சவூதியில் மனைவி வேலை பார்க்கிற கம்பத்துக்காரர் ஒருவர் எழுதினார். ஆரப்பாளையத்திலிருந்து ஒரு ஆட்டோக்காரர், பள்ளிக்கூட நிகழ்ச்சிக்குத் தன் மகளுக்குப் பூ வைத்துவிட்ட கதையைக் குரலில் பேசி அனுப்பினார், நான் டைப் அடித்துப் போட்டேன். முன்பைவிட இரண்டு மடங்கு பேர் படிக்கிறார்கள். போன சனிக்கிழமை டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டிருந்தார்கள். அப்பாக்களுக்குச் சடை பின்னச் சொல்லித்தர வேண்டுமாம். பத்துப் பன்னிரண்டு பேர் மகள்களோடு வந்திருந்தார்கள், பேங்க் மேனேஜர் ஒருவரும் அதில் அடக்கம். ரப்பர் பேண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு எல்லாரும் திணறினதைப் பார்க்க நீ இருந்திருக்க வேண்டும். கயல்தான் சுற்றி வந்து திருத்தினாள். “அங்கிள், இறுக்காதீங்க, அவளுக்கு வலிக்கும்” என்று ஒருவரை அதட்டவும் செய்தாள். வாசலில் ஒருவர் தயங்கித் தயங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, நான்தான் உசிலம்பட்டியிலிருந்து எழுதினவன் என்றார். பக்கத்தில் அவர் மகள் சிரித்துக்கொண்டு நின்றாள்.

இனி ஒரு விஷயம். ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று அன்றைக்குச் சொன்னாய். சொல்லிவிட்டு உடனே வெங்காய விலையைக் கேட்டாய். நானும் “உன் இஷ்டம்” என்று சொல்லிவிட்டு வெங்காய விலையைச் சொன்னேன். இரண்டு பேரும் நல்ல சாமர்த்தியசாலிகள்.

அந்த வேலை உனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அங்கே உன்னை ஐ.சி.யு.வுக்கே பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள். நம் சனத்தில் இத்தனை உயரத்துக்குப் போன முதல் பெண் நீ, எங்கம்மா ஊரெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு திரிகிறது. அதனால் இதைச் செய், அதைச் செய் என்று நான் எழுதவில்லை. தெரிந்திருக்க வேண்டியதை மட்டும் எழுதுகிறேன். பிளாகில் வரும் விளம்பரமும் என் டைப்பிங்கும் சேர்ந்து வீட்டுச் செலவுக்கும் கயலின் படிப்புக்கும் தாராளமாகக் காணும். ரிங் ரோட்டில் புதிதாக வந்திருக்கும் ஆஸ்பத்திரியில் அனுபவமுள்ள நர்ஸ் வேண்டும் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். வண்டியில் போகும்போது கண்ணில் பட்டது. இந்த வாரம் மட்டும் அந்தப் பக்கம் எனக்கு நிறைய வேலை இருந்தது, அதனால் பலமுறை கண்ணில் பட்டது.

கயல் உன்னிடம் எதுவும் கேட்க மாட்டாள். அவள் உன்னை மாதிரி. ஆனால் நேற்று என் போனை வாங்கி, ஏர்போர்ட்டிலிருந்து நம் வீட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. “முக்கா மணி நேரம்தாம்ப்பா” என்று அவளாகவே சொன்னாள்.

மீனாட்சி உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும். எங்கே இருந்தாலும் உன் மனசு குளிர்ந்திருக்கட்டும். கையெழுத்துப் போடுவதானால் போடு, நாங்கள் இரண்டு பேரும் உன் பக்கம்தான். அதற்கு முன்னால் ஒரே ஒரு நாள் யோசி. லீவு நாளாகப் பார்த்து, நன்றாகத் தூங்கி எழுந்து யோசி.

உன் வழி பார்த்திருக்கும்
அருண்பாண்டி